ஆண் கடல், பெண் கடல்

திருப்பூர்க்காரனுக்குச் சமுத்திரத்தைப் பற்றி என்ன தெரியும்? தூத்துக்குடித் துறைமுகம் தெரியும். இன்ன தேதிக்குக் கப்பல், அதற்குள் சரக்கு ஏறியாக வேண்டும், ஏறாவிட்டால் ஆகாய விமானத்தில் அனுப்பிக் கைக்காசைத் தொலைக்க வேண்டும் என்கிற அளவில் தெரியும். அந்தக் கப்பல் எதன்மேல் மிதக்கிறது என்று அவன் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை. நாங்கள் மேட்டு நிலத்து ஜனங்கள். ஆயிரம் அடிக் கிணறு தோண்டித் தண்ணீர் தேடுகிறவர்கள். எங்கள் பாட்டிமார் ஆயுளில் ஒரு தடவை ராமேசுவரம் போய் முழுக்குப் போட்டுவிட்டு, "தண்ணி கரிக்குதுங்க" என்ற ஒரே சேதியோடு திரும்பி வந்தார்கள். அதற்குமேல் சமுத்திரத்தைப் பற்றிச் சொல்ல அவர்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை.

ஆனால் ஒரு கணக்கை யோசித்துப் பார்த்தால் விஷயம் வேறு விதமாக இருக்கிறது. கடல்நீரில் லிட்டருக்கு முப்பத்தைந்து கிராம் உப்பு. பருத்தித் துணிக்குக் கறுப்போ, கருநீலமோ, அடர் சிவப்போ ஏற்ற வேண்டுமென்றால் சாயத்தொட்டியில் லிட்டருக்கு அறுபது, எண்பது கிராம் உப்புப் போடுவார்கள். உப்பு இல்லாவிட்டால் சாயம் தண்ணீரிலேயே நின்றுவிடும், நூலுக்குள் போகாது. ஒரு கிலோ துணிக்கு ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. ஆக, கடலிலிருந்து வெகுதூரம் தள்ளியிருக்கும் எங்கள் ஊரில் சமுத்திரத்தைவிட இரண்டு மடங்கு கரிக்கும் குட்டிச் சமுத்திரங்கள் நூற்றுக்கணக்கில் கொதித்துக்கொண்டிருக்கின்றன. அந்த உப்பு வந்ததும் கடற்கரை உப்பளங்களிலிருந்துதான்.

சங்க காலத்தில் உமணர்கள் மாட்டு வண்டிகளில் உப்பை ஏற்றிக்கொண்டு மேட்டு நாட்டுக்கு வந்தார்கள் என்று படித்திருக்கிறோம். லாரி வந்ததைத் தவிர வேறொன்றும் மாறவில்லை. இன்னும் கொஞ்சம் தோண்டினால், நொய்யல் கரையில் கொடுமணல் இருக்கிறது. பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் அதுதான் என்கிறார்கள். 1985-இலிருந்து பல தடவை அங்கே அகழாய்வு நடந்திருக்கிறது. இரும்பு உருக்கிய உலைகளும், பட்டை தீட்டிய கல்மணிகளும் கிடைத்தன. காங்கேயம் பக்கத்துப் படியூரில் பச்சைக்கல் எடுத்தவர்கள் நாம். ஆகையால் மணிகள் கிடைத்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆச்சரியம், கூடவே கிடைத்த சங்கு வளையல் துண்டுகள்தான். கரிசல் பூமியில் வெள்ளை வெளேரென்று கடல் சங்கு! இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே எங்கள் ஊர்ப் பெண்கள் சமுத்திரத்தைக் கையில் அணிந்துகொண்டு திரிந்திருக்கிறார்கள், அதைப் பார்க்காமலே.

அந்தச் சங்கு எங்கிருந்து வந்ததோ அந்தப் பக்கம் ஒரு தடவை போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன்.

தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல், மதுரை, பரமக்குடி என்று ஒரு பகல் முழுக்கப் பஸ். மதுரை தாண்டியதும் பூமி தட்டையாகிவிடுகிறது. இரண்டு பக்கமும் சீமைக் கருவேலம். நடுநடுவே கரிமூட்டப் புகை. கண்மாய்க் கரைகள், கரைக்கு உட்புறம் வெடித்த மண். சர்க்கார் உத்தியோகஸ்தர்களைத் தண்டிக்க வேண்டுமானால் இராமநாதபுரத்துக்கு மாற்றுவார்கள், "தண்ணியில்லாக் காடு" என்று அதற்குப் பெயர் என்பது எல்லோருக்கும் தெரிந்த வேடிக்கை. 1910-இல் உண்டான பெரிய ஜில்லா. 1985-இல் சிவகங்கையும் விருதுநகரும் தனியே பிரிந்துபோக, கடலும் கருவேலமும் இதற்கு மிஞ்சின. வைகை என்று ஒரு நதி இருக்கிறதே, அது கடலைத் தேடி வந்து, அநேகமாக இராமநாதபுரம் பெரிய கண்மாயிலேயே தன் யாத்திரையை முடித்துக்கொண்டுவிடுகிறது. நொய்யலைப் பார்த்துப் பார்த்துப் பழகிய எனக்கு வைகையிடம் ஓர் அனுதாபம் ஏற்பட்டது.

ஆனால் ஜில்லாவின் வறட்சி கரையோடு சரி. மண்டபத்தில் இறங்கி நின்றேன். அங்கே நிலம் ஒரு விரல் மாதிரி ஒடுங்கிக் கடலுக்குள் நீண்டிருக்கிறது. ஒரு பக்கம் நடந்தால் பாக் நீரிணை, திரும்பி எதிர்ப்பக்கம் கொஞ்ச தூரம் நடந்தால் மன்னார் வளைகுடா. வடக்கே இருப்பது ஆழமில்லாத கடல், பெரிய ஏரி போலக் கிடக்கிறது. தெற்கே இருப்பது அலையடிக்கிறது. மீனவர்கள் முன்னதைப் பெண் கடல் என்றும், பின்னதை ஆண் கடல் என்றும் சொல்லுகிறார்கள். பெண் கடல் எப்போதும் சாது என்று எண்ணிவிடக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வாடைக் காற்று வந்துவிட்டால் அந்த அம்மாள் யார் சொன்னாலும் கேட்க மாட்டாள். அப்போது ஆண் கடல் அடங்கியிருக்கும். தென்மேற்குக் காற்று தொடங்கினால் அவர் குதிப்பார், இவள் அடங்குவாள். குடும்பம் நடத்துகிறவர்கள் வைத்த பெயர் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

பெண் கடலின் கோபத்துக்குச் சாட்சி தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22-ஆம் தேதி இரவு அடித்த புயலில் ஊர் போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த பாசஞ்சர் வண்டி ஊரை நெருங்கும் சமயத்தில் அலை அதை இழுத்துக்கொண்டுவிட்டது. அதில் இருந்தவர்கள் ஒருவரும் பிழைக்கவில்லை. 1914-இல் கட்டிய பாம்பன் ரயில் பாலமும் பல இடத்தில் உடைந்தது. அதை நாற்பத்தாறே நாளில் சரிசெய்தார்கள். அந்த வேலையை முன்னின்று நடத்திய ஸ்ரீதரன் என்ற இளம் என்ஜினீயர்தான் பிற்பாடு கொங்கண் ரயில்வேயையும் டில்லி மெட்ரோவையும் அமைத்தவர். அந்தப் பழைய பாலமும் ஓய்ந்து, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்துவிட்டார்கள். கப்பல் வந்தால் நடுப்பகுதி லிஃப்ட் மாதிரி மேலே போகிறது. ஜனங்கள் வாய் பிளந்து பார்க்கிறார்கள், நானும் பார்த்தேன்.

தனுஷ்கோடியில் இடிந்த மாதா கோயிலின் சுவரைக் கிட்டே போய்ப் பார்த்தால், செங்கல்லுக்குப் பதிலாகப் பூப்பூவாகத் துளை விழுந்த கல் இருக்கிறது. பவளப் பாறை. கடலில் வெட்டிக் கரையில் கட்டிய ஊர் அது.

இந்தப் பவளப் பாறையைப் பற்றிக் கொஞ்சம் விஸ்தாரமாகச் சொல்ல வேண்டும். மன்னார் வளைகுடாவில் பாம்பன் தொடங்கித் தூத்துக்குடி வரை கரைக்கு இணையாக ஒரு வரிசையாக இருபத்தொரு தீவுகள். அவற்றின் பெயர்களை ஒருவர் சொல்லிக்கொண்டே போக நான் எழுதி வைத்துக்கொண்டேன்: குருசடை, பூமரிச்சான், புள்ளிவாசல், மனோலி, முசல், முள்ளி, வாழை, தலையாரி, அப்பா, ஆனைபார், நல்லதண்ணி, உப்புத்தண்ணி, காசுவார், காரைச்சல்லி, வான்... எந்தத் தமிழ்ப் பண்டிதரும் உட்கார்ந்து வைத்த பெயர்கள் அல்ல. படகில் போனவன் இறங்கி, ஊற்றுத் தோண்டி, வாயில் வைத்துப் பார்த்து, துப்பியோ விழுங்கியோ வைத்த பெயர்கள். நல்லதண்ணித் தீவும் உப்புத்தண்ணித் தீவும் ஒரே வரிசையில் இருக்கின்றன என்பதைக் கவனியுங்கள்.

தீவுகளைச் சுற்றித்தான் பவளம். பவளம் கல் அல்ல. கடுகத்தனை பூச்சிகள் கோடிக்கணக்கில் கூடிச் சுண்ணாம்பினால் கட்டிக்கொண்ட வீடு. இந்தப் பூச்சி தன் உடம்புக்குள் ஒரு நுண்பாசியைக் குடிவைத்திருக்கிறது. பாசி வெயிலைக் கொண்டு சமைக்கிறது, பூச்சி சாப்பிடுகிறது. பவளத்துக்கு நிறம் கொடுப்பதும் பெரும்பாலும் அந்தக் குடித்தனக்காரன்தான். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பூச்சி அவனை வெளியே துரத்திவிடுகிறது. உடனே பவளம் வெளுத்துப் போகும். சூடு சீக்கிரம் தணிந்தால் குடித்தனக்காரன் திரும்பி வருவான். இல்லாவிட்டால் வீட்டுக்காரர் பட்டினியால் சாவார். 2010-இலும் 2016-இலும் இங்கே இது பெரிய அளவில் நடந்தது. எங்கள் ஊரில் துணியை வெளுக்கப் பெராக்சைடு போடுகிறோம். இங்கே கடலே வெளுக்கிறது, யாரும் எதுவும் போடாமல். யாரும் எதுவும் போடவில்லை என்றும் சொல்ல முடியவில்லை. உலகத்துப் புகைப்போக்கிகள் அத்தனைக்கும், எங்கள் சாயப்பட்டறைக் கொதிகலன்கள் உட்பட, அதில் பங்கு இருக்கத்தான் இருக்கிறது.

நூற்றுப் பதினேழு விதக் கல் பவளங்கள் இந்த வளைகுடாவில் உண்டு என்று கணக்கெடுத்திருக்கிறார்கள். மொத்தமாகச் செடி கொடி ஜீவராசிகள் மூவாயிரத்து அறுநூறுக்கு மேல். குருசடைத் தீவில் மணலைக் கிளறினால் ஒரு புழு அகப்படும். பலனோகிளாசஸ் என்று பெயர். முதுகெலும்பு இல்லாத ஜந்துக்களுக்கும் இருக்கிற ஜந்துக்களுக்கும் நடுவே தடுமாறி நிற்கும் ஒரு பழைய பிராணி. விலங்கியல் படித்தவர்கள் யாரைக் கேட்டாலும் இந்தப் பெயரைச் சொன்னதும் ஒரு பெருமூச்சு விடுவார்கள். பரீட்சையில் படம் வரைந்து பாகம் குறித்திருப்பார்கள். சென்னை மியூசியத்தில் சூப்பரின்டென்டாக இருந்த எட்கர் தர்ஸ்டன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலேயே இந்தப் பக்கத்துக் கடலைத் துருவியிருக்கிறார். மீன்துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் சங்கைப் பற்றி மட்டுமே ஒரு புஸ்தகம் எழுதி 1914-இல் வெளியிட்டார். சுதந்திரம் வந்த வருஷம் தொடங்கிய மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகமும் 1949 முதல் 1971 வரை மண்டபத்தில்தான் இருந்தது. பிறகு கொச்சிக்குப் போயிற்று. தமிழனுக்கு இந்தக் கடலைப் பற்றிப் பரணி பாடத் தெரிந்தது. ஜந்துக்களை எண்ண வேறு ஆட்கள் வர வேண்டியிருந்தது.

அப்படியொன்றும் நம்மவர்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தவர்கள் எழுதவில்லை, அவ்வளவுதான். கீழக்கரையில் சங்கு குளிக்கும் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். சங்கு எந்தப் பாரில் எந்த மாதம் மேயும், தண்ணீரின் நிறம் எப்படி இருந்தால் மூழ்கலாம், எப்படி இருந்தால் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளலாம் என்று அரை மணி நேரம் சொன்னார். வலம்புரிச் சங்கு எடுத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். சிரித்தார். "எடுத்திருந்தா உங்ககிட்ட ஏய்யா பேசிக்கிட்டு உக்காந்திருக்கப் போறேன்?" என்றார். சாதாரணச் சங்கு வங்காளத்துக்குப் போகிறது. அங்கே கலியாணப் பெண்ணுக்குச் சங்கு வளையல் போட்டாக வேண்டும். கொடுமணல் பெண்கள் விட்ட வழக்கத்தை வங்காளப் பெண்கள் விடவில்லை.

முத்துக்குளித்தல் போய்விட்டது. மார்க்கோ போலோ வந்தபோது, குளிக்கிறவர்களைப் பெரிய மீன்கள் கடிக்காதபடி மந்திரித்துக் கட்டுவதற்கு ஆட்கள் இருந்தார்களாம். கிடைத்ததில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாம். எங்கள் ஊர்க் கமிஷன் ஏஜென்டுகள் இதைப் படித்தால் சந்தோஷப்படுவார்கள். தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல். அதற்குப் பிறகு சிப்பிக்குள் நாமே கருவை வைத்து முத்து விளைவிக்கும் வித்தையை 1973-இல் தூத்துக்குடியிலேயே சாதித்துக் காட்டினார்கள் என்றாலும், பாய்மரக் கூட்டம் கூடிய அந்தத் திருவிழா திரும்பி வரவில்லை.

கீழக்கரையில் வள்ளல் சீதக்காதியின் பெயரைச் சொல்லாமல் யாரும் இரண்டு வாக்கியம் பேசுவதில்லை. கிழவன் சேதுபதியின் காலத்தவர், கப்பல் வியாபாரி, புலவர்களை ஆதரித்தவர். வைகை கடலைத் தொடும் இடத்தில் அழகன்குளம்; அங்கே தோண்டியபோது ரோமானியக் காசுகளும், கப்பல் படம் கீறிய ஓடும் அகப்பட்டன. பெரியபட்டினத்தில் சீனத்துப் பீங்கான். 1897 ஜனவரியில் விவேகானந்தர் மேல் நாட்டிலிருந்து திரும்பிப் பாம்பனில் கரையேறியதும் இந்த ஜில்லாவில்தான். இதே கரை வழியாகத்தான் நம் ஜனங்கள் மண்டபம் முகாமில் அடைபட்டுக் கிடந்து, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனார்கள். 1983-க்குப் பிறகு அதே மண்டபத்துக்கு அகதிகளாகத் திரும்பியும் வந்தார்கள். வெறுங்கையோடு போய் வெறுங்கையோடு திரும்பிய கதை. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

நான் சொல்ல வந்தது பாசி எடுக்கும் பெண்களைப் பற்றி.

ஏர்வாடிக்குப் பக்கத்தில் ஒரு குப்பம். விடிவதற்கு முன்னால் பத்துப் பன்னிரண்டு பெண்கள் படகில் ஏறிப் போய்விட்டு, வெயில் ஏறிய பிறகு திரும்பினார்கள். இடுப்பில் சாக்கு மாதிரி வலைப்பை. முகத்தில் கண்ணாடி. கழுத்து வரை நீரில் நின்று, மூச்சை அடக்கி முங்கி, பாறையில் முளைத்த பாசியைக் கையால் பறிக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசி ஒன்று, கஞ்சிப் பாசி ஒன்று, கட்டக்கோரை ஒன்று. பக்கோடாப் பாசி என்றுகூட ஒன்று இருக்கிறது. பார்த்தால் பக்கோடா மாதிரியேதான் இருக்கிறது. மரிக்கொழுந்திலிருந்து அகர் என்ற பசை எடுக்கிறார்கள். ஐஸ்கிரீமிலும் ஆஸ்பத்திரிச் சோதனைச் சாலையிலும் உபயோகம். கட்டக்கோரையிலும் பக்கோடாவிலும் எடுப்பது ஆல்ஜினேட்.

ஆல்ஜினேட் என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். எங்கள் ஊர் பிரிண்டிங் பட்டறைகளில் அந்தப் பெயரிட்ட மூட்டைகளைப் பல தடவை பார்த்திருக்கிறேன். துணியில் பூவும் கொடியும் அச்சிடும்போது சாயம் ஓடாமல் இருக்க அதைப் பசையில் கலக்க வேண்டும். மாவுப் பசையில் கலந்தால் இந்த நவீனச் சாயம் துணியை விட்டுவிட்டு மாவோடு சேர்ந்துகொள்ளும். கடற்பாசிப் பசையோடு சேராது. துணியைப் பிடித்துக்கொள்ளும், அலசினால் பசை மட்டும் போய்விடும். கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு கிழவி மூச்சடக்கிப் பறித்த பாசி, எங்கோ ஒரு வெள்ளைக்காரக் குழந்தையின் சட்டையில் ரோஜாப் பூவை நிலைநிறுத்திவிட்டு, யாருக்கும் தெரியாமல் அலசித் தண்ணீரோடு போய்விடுகிறது.

ஓர் அம்மாள் கைகளைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். பத்து விரலிலும் துணிக் கிழிசல் சுற்றியிருந்தது. பாறை விரலைக் கிழிக்காமலிருக்க அந்தக் கட்டு. துணி ஈரத்தில் நன்றாக இழுபட்டு விரலோடு ஒட்டியிருந்தது.

"ஏனுங்கம்மா, இது பனியன் துணிங்களா?" என்று கேட்டேன்.

என் "ஏனுங்க"வைக் கேட்டு அந்த அம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாங்கய்யா. என் மகன் அந்த ஊர்லதான் இருக்கான். லீவுக்கு வர்றப்ப கட்டிங் வேஸ்டு ஒரு மூட்டை கொண்டாந்து போடுவான். சேலைத் துணி வழுக்கும். இது கவ்விப் பிடிக்கும்" என்றாள்.

மகன் எந்தக் கம்பெனி என்று கேட்டேன். தெரியவில்லை. ஓவர்லாக் மிஷின் ஓட்டுகிறான் என்பது மட்டும் தெரிந்தது. ஏன் கடலுக்குப் போகவில்லை என்று கேட்டதற்கு, "கடல்ல என்ன இருக்கு?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். அவள் குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. பலசரக்குக் கடையில் சர்க்கரை தீர்ந்துவிட்டது என்று சொல்லுகிற தோரணையில்தான் சொன்னாள்.

பிறகு விவரமாகவே பேசினாள். 1986-இல் இருபத்தொரு தீவையும் சுற்றியுள்ள ஐந்நூற்று அறுபது சதுர கிலோமீட்டர் கடலையும் தேசியப் பூங்கா ஆக்கியிருக்கிறார்கள். தீவில் இறங்கக் கூடாது; அங்கே பாசி பறிக்கக் கூடாது. பிடித்தால் படகு போகும், அபராதம் விழும். 2001-இல் கடல் அட்டையையும் சட்டத்தில் சேர்த்துவிட்டார்கள்; புலிக்கு என்ன காவலோ அதே காவல் அட்டைக்கும். காயவைத்துச் சீனத்துக்கு ஏற்றுமதி செய்து பல குடும்பங்கள் பிழைத்த சரக்கு அது.

"பாசியை வேரோட புடுங்கினா நாளைக்கு நாங்க எங்கய்யா போறது? தலையத்தான் கிள்ளுவோம். அமாவாசைக்கு ஆறு நாள், பௌர்ணமிக்கு ஆறு நாள், அவ்வளவுதான் போறது. அதை நாங்களாப் பேசி வச்சிருக்கோம். இழுவை மடி போட்டு அடியோட அரிச்சிட்டுப் போறவுகளை விட்டுட்டு, கையால கிள்றவளைப் புடிக்கிறாக."

அவள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தில் இதே தொழில் செய்யும் ஒரு பெண்மணிக்கு, இப்படி நாள் கணக்கு வைத்துப் பாசியைக் காத்ததற்காக 2015-இல் அமெரிக்காவில் சீகாலஜி விருது கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இழுவைப் படகு கடலடியை என்ன செய்கிறது என்று கரையில் யாரைக் கேட்டாலும் சொல்லுவார்கள். ஏப்ரல் பதினைந்திலிருந்து அறுபத்தொரு நாள் அந்தப் படகுகளுக்கு ஓய்வு உண்டு. பாக்கி முந்நூற்றுச் சொச்சம் நாளும் அடிக்கடல் சீப்புப் போட்டு வாரப்படுகிறது.

ஆனால் பூங்கா உத்தியோகஸ்தர் பக்கத்திலும் நியாயம் இருக்கிறதே, என்ன செய்வது? பவளத்தை வெட்டிச் சுண்ணாம்புக்கும் ஆலைக்கும் படகு படகாக ஏற்றிய காலம் ஒன்று இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகுதான் அது ஒருவாறு நின்றது. அதற்குள் விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போய்விட்டன. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவும் தேய்ந்து தேய்ந்து போக, அதைக் காப்பாற்றச் செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்க வேண்டி வந்தது. 2000-ஐ ஒட்டி, நல்ல எண்ணத்தோடுதான், பிலிப்பைன்ஸ் பக்கத்துப் பாசி ஒன்றை இங்கே வளர்ப்புக்குக் கொண்டுவந்தார்கள்; இந்தோனேசியாவிலும் பிலிப்பைன்ஸிலும் கரை கரையாக அதைப் பயிரிட்டுப் பிழைக்கிறார்கள். பெண்களுக்கு அதில் வருமானம் கிடைத்தது உண்மை. அந்தப் பாசி கட்டை அறுத்துக்கொண்டு போய்க் குருசடைப் பவளத்தின்மேல் போர்வை மாதிரி படர்ந்ததும் உண்மை.

கடற்பசுவின் சமாசாரம் இன்னும் மோசம். ஆவுளியா என்பார்கள் இந்தப் பக்கத்தில். பெயருக்கு ஏற்பக் கடலடிப் புல்லைத்தான் மேய்கிறது. நாளொன்றுக்கு முப்பது நாற்பது கிலோ புல். பத்து மாதம் போதாது, ஒரு வருஷத்துக்கு மேல் கர்ப்பம். சில வருஷங்களுக்கு ஒரு கன்று, அதுவும் ஒன்றே ஒன்று. பால் கொடுத்து வளர்க்கிறது. இப்படிப்பட்ட பிராணியை ருசிக்காகக் கொன்று தின்று, ஏறக்குறையத் தீர்த்துவிட்டோம். 2022 செப்டம்பரில் தஞ்சாவூர், புதுக்கோட்டை ஜில்லாக்களை ஒட்டிய பாக் நீரிணையில் நானூற்று நாற்பத்தெட்டு சதுர கிலோமீட்டரைக் கடற்பசுக் காப்பகம் ஆக்கியிருக்கிறார்கள். வலையில் மாட்டிய ஆவுளியாவை, வலையை அறுத்து, நஷ்டத்தைப் பொறுத்துக்கொண்டு விட்டுவிடும் மீனவர்கள் இப்போது உண்டு. சட்டத்துக்குப் பயந்து மட்டும் ஒருவன் தன் வலையைத் தானே அறுக்க மாட்டான் என்று நினைக்கிறேன்.

அந்த அம்மாளிடம் நான் எதிர்வாதம் ஒன்றும் செய்யவில்லை. தடை என்றால் என்ன என்று திருப்பூர்க்காரனுக்குத் தெரியும். நொய்யலின் குறுக்கே ஒரத்துப்பாளையத்தில் 1990-களின் தொடக்கத்தில் ஓர் அணை கட்டினார்கள், பாசனத்துக்காக. அதில் தேங்கியது எங்கள் சாயப்பட்டறைக் கழிவு. சாயம் துணியோடு போய்விடும். உப்பு எங்கே போகும்? உப்பளத்திலிருந்து வந்தது ஆற்றில் இறங்கி, கீழ்நிலத்துக் கிணறுகளில் ஏறி, தென்னை கருகி, மாடு குடிக்க மறுத்தது. ஆயக்கட்டு விவசாயிகள் வழக்காடினார்கள். கடைசியில் 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவின்பேரில் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகளுக்குப் பூட்டு விழுந்தது.

அந்த வருஷத்தை நான் மறக்க மாட்டேன். எங்கள் வீதியில் வாடகைக்கு இருந்தவர்களில் பாதிப்பேர் மூட்டையைக் கட்டிக்கொண்டு சொந்த ஊருக்குப் போனார்கள். இராமநாதபுரத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு. காங்கேயம் பக்கத்தில் என் சொந்தக்காரர் ஒருவர் கிணற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்தி முகர்ந்து பார்த்துவிட்டு, "இப்பவாச்சும் பூட்டுனாங்களே, சாமி" என்றார். நான் இரண்டு பேருக்கும் உறவு. இந்தப் பக்கம் சாப்பாடு, அந்தப் பக்கம் தண்ணீர். பிறகு ஒரு சொட்டும் வெளியே விடாமல் சுத்தம் செய்தால்தான் திறக்கலாம் என்று வைத்து, பட்டறைகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. சாயநீரைக் காய்ச்சி, தண்ணீரையும் உப்பையும் பிரித்து, அதே உப்பை மறுபடி தொட்டியில் போடுகிறார்கள். செலவு பிடித்த காரியந்தான். செய்ய முடியாது என்று பத்து வருஷம் சத்தியம் செய்தவர்களே செய்கிறார்கள்.

கடலுக்கு அப்படி ஒரு யந்திரம் இல்லை. அதுவே பெரிய வித்தியாசம். பட்டறைக்காரனிடம் பணம் இருந்தது, பாங்க் கடன் இருந்தது, சங்கம் இருந்தது, டில்லிக்குப் போய் மந்திரியைப் பார்க்க ஆள் இருந்தது. விரலில் கிழிசல் சுற்றிய அம்மாளுக்கு இதில் ஒன்றும் இல்லை. கடலுக்கு அவளால் வரும் கெடுதல் அளவில் கடுகு. தடையோ அவள் தலையில்தான் முதலில் விழுகிறது. பூங்கா வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் இல்லை. ஆனால் நாள் கணக்கை இன்னது என்று நிச்சயிக்கும்போது, அமாவாசைக்கு ஆறு நாள் என்று தானாகவே கணக்குப் போட்டு வைத்திருப்பவளை மேஜைக்கு முன்னால் உட்காரவைத்துக் கேட்க வேண்டாமா? எங்கள் ஊரில் பட்டறை முதலாளியைக் கூப்பிட்டுத்தானே கேட்டார்கள்?

"உங்க ஆத்துத் தண்ணியை இப்பக் குடிக்கலாமாங்கய்யா?" என்று அந்த அம்மாள் கேட்டாள். மகன் சொல்லியிருப்பான் போலிருக்கிறது.

"குடிக்க முடியாதுங்க. மழை வந்தா மீன் துள்ளுது, அவ்வளவுதான்" என்றேன்.

"மீன் இருக்கில்ல? அப்பச் சரியாப் போகும்" என்று சொல்லிவிட்டு, விரல் கட்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து, பிழிந்து, படகின் விளிம்பில் காயப்போட்டாள். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள், ஒன்று நல்ல கருநீலம். உப்புத் தண்ணீரில் எத்தனை நாள் ஊறியதோ, நிறம் போகவில்லை. சாயம் ஏற்றியவன் கெட்டிக்காரன்.

மறுநாள் காலை கீழக்கரையிலிருந்து ஒரு நாட்டுப் படகில் கடலைப் பார்க்கப் போனேன். ஆண் கடல் அன்று நல்ல மனநிலையில் இருந்தது. தீவுகளில் இறங்க அனுமதி இல்லாததால் தள்ளியே போனோம். வாழைத் தீவு, தலையாரி, அப்பா என்று படகோட்டி கை நீட்டிக் காட்டிக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றும் கடல்மேல் கிடத்திய பச்சைக் கோடு. எங்கள் மீன் மார்க்கெட்டில் வஞ்சிரம் என்று விற்பதை அவர் சீலா என்றார். எந்த மாதம் அது கரைக்கு வரும், எந்தக் காற்றில் போய்விடும் என்றெல்லாம் சொன்னார்.

ஓரிடத்தில் மோட்டாரை நிறுத்தினார். சுற்றிலும் தண்ணீர்தான். கொஞ்ச தூரத்தில் மட்டும் அலை காரணமில்லாமல் உடைந்து வெள்ளையாக நுரைத்துக்கொண்டிருந்தது.

"பூவரசன்பட்டி" என்றார்.

"எங்கே?"

"அதான்யா. அந்த நுரை. எங்க தாத்தா அதுல இறங்கிக் கஞ்சி காய்ச்சிக் குடிச்சிருக்காக. ராத்திரி தங்கியிருக்காக. இப்ப ஒரு முழம் தண்ணிக்குக் கீழ போயிருச்சு."

"அப்புறம் ஏன் இன்னும் பூவரசன்பட்டி என்கிறீர்கள்?"

அவர் என்னை விசித்திரமாகப் பார்த்தார். "வலை எங்க கிடக்குன்னு வீட்டுல கேட்டா என்னன்னு சொல்றது? பூவரசன்பட்டிக்குத் தெக்கன்னு சொன்னாத்தானே தெரியும்?"

மோட்டாரை மறுபடி கிளப்பினார். நுரை இருந்த இடத்தைச் சுற்றி, படகின் அடி தட்டாதபடி, அகலமாக ஒதுக்கிக்கொண்டு போனோம்.